பால் பல்லு விழுற வயசு: எதுக்குப் பதறணும், எதுக்குக் காத்திருக்கணும்

ஞாயித்துக்கிழமை காலைல கிளினிக் போனுக்கு வர்ற வாட்ஸ்அப் போட்டோ எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கலங்கலா பாதி உதடு, பாதி நாக்கு, நடுவுல ஏதோ வெள்ளையா ஒண்ணு, கீழ "மேடம் அர்ஜென்ட்". நான் டாக்டர் இல்ல, குழந்தைங்களுக்குப் பல்லு பாக்குற டாக்டர்கிட்ட 14 வருஷமா அசிஸ்டென்ட். வீட்டுல என் பசங்க ரெண்டு, நாத்தனார் பசங்க மூணு, ஆக அஞ்சு வாய்க்கு பால் பல்லு விழுந்து முடியுற வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாத்தது நான்தான். இத்தனை வருஷத்துல ஒண்ணு மட்டும் நல்லாத் தெரிஞ்சுபோச்சு. ஜனங்க ராத்திரி தூங்காமப் பயப்படுறதுல முக்கால்வாசி தானா சரியாப் போற விஷயம், "விழப்போற பல்லுதானே"ன்னு விடுறாங்க பாருங்க, அதுதான் பின்னாடி கிளிப்பு மாட்டுற வரைக்கும் இழுத்துட்டுப் போகும்.

பாக்குறதுக்கு முன்னாடி

போன் டார்ச், சோப்பு போட்டுக் கழுவின விரல், ஒரு ஸ்பூன், இது போதும். பிள்ளைய "ஈ"ன்னு சிரிக்கச் சொன்னா தாடைய முன்னாடி தள்ளிக்கிட்டு சிரிக்கும், அத நம்பாதீங்க. நாக்கு நுனிய மேல்வாயில பின்னாடி கொண்டுபோய் வச்சு, எச்சிய முழுங்கிட்டு, பின் பல்லால கடிச்சு அப்படியே இருன்னு சொல்லுங்க, அப்புறம் ஸ்பூனால கன்னத்த ஒதுக்கிப் பாருங்க, அதுதான் நிஜமான கடி.

கேக்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டு. அந்தப் பால் பல்லு ஆடுதா? இந்தப் பக்கம் இருக்குறது அந்தப் பக்கமும் அதே மாதிரி இருக்கா? வாய்க்குள்ள ரெண்டு பக்கமும் சேந்து லேட்டானா பெரும்பாலும் அந்தப் பிள்ளையோட வேகமே அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் லேட்டானாதான் கவனிக்கணும்.

வயசுக் கணக்கு சும்மா தோராயமா: பால் பல்லு மொத்தம் 20. 6, 7 வயசுல கீழ முன்பல்லு விழும், 7, 8ல மேல முன்பல்லு, அப்புறம் ரெண்டு வருஷம் சும்மா கெடக்கும், 10லேருந்து 12க்குள்ள பின் பால் பல்லும் சிங்கப்பல்லும் போகும். ஒரு வருஷம் முன்ன பின்ன ஆனா விடுங்க.

"பால் பல்லு விழவே இல்ல, பின்னாடி இன்னொரு பல்லு முளைச்சிருச்சு"

இதுதான் எங்களுக்கு வர்ற போட்டோல நம்பர் ஒன். கீழ முன்பல்லுக்குப் பின்னாடி நாக்குப் பக்கமா ரெண்டாவது வரிசை மாதிரி எட்டிப் பாக்கும். பாக்க பயங்கரமாத்தான் இருக்கும், ஆனா கீழ முன்பல்லு உருவாகுறதே நாக்குப் பக்கமாத்தான், அதனால அங்க எட்டிப் பாக்குறது ரொம்ப சாதாரணம்.

முன்னாடி இருக்குற பால் பல்லு ஆடுதா? ஆடுனா ஒண்ணும் பண்ணாதீங்க. கொய்யாக்கா, ஆப்பிள், கேரட்டுன்னு கடிக்கிற மாதிரி குடுங்க, பிள்ளையே நாக்கால தள்ளித் தள்ளி விளையாடட்டும், ரெண்டு மூணு மாசம் வரைக்கும் பாக்கலாம். பால் பல்லு விழுந்து இடம் கெடைச்சதும் நாக்கே அந்தப் புதுப் பல்ல முன்னாடி தள்ளிட்டு வந்துரும். என் நாத்தனார் சின்னவனுக்கு இப்படித்தான், அவங்க அம்மா கிளினிக்குக்குக் கூட்டிட்டு வர ஆட்டோ சொல்லிட்டு நிக்கும்போது அவன் வாசல்ல கொய்யாக்கா கடிச்சிட்டு இருந்தான், ஆட்டோ வந்துச்சு, பல்லு கொய்யாக்காவோட வந்துருச்சு, ஆட்டோக்காரருக்கு 30 ரூபா குடுத்து அனுப்பினோம்.

கல்லு மாதிரி நிக்குதா, துளி கூட ஆடலையா? ஒரு மாசம் பாத்துட்டு கூட்டிட்டு வாங்க. மரத்துப்போற ஜெல் தடவி ஒரு ஊசி போட்டு எடுத்துருவாங்க, அஞ்சு நிமிஷ வேலை. நூலைக் கட்டிக் கதவ அடிக்கிற வேலையெல்லாம் வேணாம், ஆடாத பல்ல இழுத்தா வேர் பாதில ஒடையும்.

இதே விஷயம் மேல முன்பல்லுல வந்தா அவ்வளவு நாள் காத்திருக்காதீங்க. மேல்பல்லு உள்பக்கமா வந்து கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சுன்னா அப்புறம் நாக்கு தள்ளினாலும் வெளிய வராது, ஒவ்வொரு தடவ கடிக்கும்போதும் கீழ்ப்பல்லு அத உள்ளயே பூட்டி வச்சுக்கும்.

விழுந்த பல்லக் கையில வச்சுக்கிட்டு "வேரே இல்ல, வேர் உள்ள நின்னுருச்சு போல"ன்னு கேக்காத அம்மா கெடையாது. நிக்கல. மேல வர்ற பல்லு அந்த வேரைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிட்டுத்தான் வருது, கரைஞ்சதாலதான் ஆடவே ஆரம்பிச்சுது. சாணில வச்சு கூரை மேல எறியுங்க, பாட்டி சந்தோஷப்படுவாங்க.

"விழுந்து ரொம்ப நாளாச்சு, புதுசு வரவே இல்ல"

மொதல்ல எப்ப விழுந்துச்சுன்னு தேதி வேணும். "ரொம்ப நாள்"னு சொல்றவங்கள ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா பாதிப் பேருக்கு ரெண்டு மாசம்தான் ஆகியிருக்கும். பல்லு விழுந்த அன்னிக்கே காலண்டர்ல எழுதி வைங்க.

ஈறு நீலமா, ஊதா கலர்ல ஒரு சின்னக் குமிழ் மாதிரி இருக்கா? பல்லு வரப்போற எடத்துல நீரோ ரத்தமோ கட்டிக்கிட்டு நிக்குது. ஊசியால குத்தாதீங்க, பல்லு வரும்போது தானா ஒடைஞ்சிரும். காய்ச்சல், சீழ் இருந்தா மட்டும் வாங்க.

சின்ன வயசுல, 4 வயசுபோல, விழுந்து அடிபட்டு அப்பவே பால் பல்லு போயிருச்சா? அந்த ஈறு காஞ்சு தடிச்சுப்போயிருக்கும், புதுப் பல்லுக்கு அதக் கிழிச்சிட்டு வர நேரம் ஆகும். சில பிள்ளைங்களுக்கு டாக்டர் ஈறை லேசாக் கீறி வழி விடுவாங்க.

ஜோடில ஒண்ணு வந்துருச்சு, இன்னொண்ணு 6 மாசம் ஆகியும் வரலையா? இல்ல நடுப்பல்லு வராம பக்கத்துப் பல்லு முந்திக்கிட்டு வந்துருச்சா? இதுக்குக் காத்திருக்கவே கூடாது. எக்ஸ்ரே எடுத்தா நிறைய தடவ நடுவுல ஒரு எக்ஸ்ட்ரா பல்லு, குச்சி மாதிரி கூம்பா, வழிய அடைச்சிட்டு நிக்கும். அத எடுத்துவிட்டா உள்ள நிக்குற பல்லு இறங்க வாய்ப்பு இருக்கு, வயசு ஏற ஏற அந்த வாய்ப்பு கொறையும், அப்புறம் ஈறைத் திறந்து செயின் ஒட்டி இழுக்குற செலவு.

கடைசிக் காரணம், அந்தப் பல்லே பிறவில இல்லாம இருக்குறது. கீழ ரெண்டாவது பின் பால் பல்லு விழுந்த எடத்துல வர வேண்டியது, மேல நடுப்பல்லுக்குப் பக்கத்துல இருக்குறது, இந்த ரெண்டுலதான் அடிக்கடி இப்படி ஆகும். குடும்பத்துலயே ஓடும். ஒரு தடவ எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டர் அந்த அம்மாவ வாயத் தெறக்கச் சொன்னாரு, அவங்களுக்கும் 35 வயசுல அதே எடத்துல பால் பல்லுதான் நின்னுச்சு, அவங்களுக்கே அது அன்னிக்குத்தான் தெரியும்.

"மேல முன்பல்லுக்கு நடுவுல ஓட்டை, விசிறி மாதிரி விரிஞ்சு கெடக்கு"

8லேருந்து 11 வயசு வரைக்கும் இது கெட்ட கனவு மாதிரி இருக்கும், மாமியார் வேற "எங்க வீட்டுல யாருக்கும் இப்படி இல்ல"ம்பாங்க. உள்ள இருக்குற சிங்கப்பல்லு எறங்கி வரும்போது பக்கத்துப் பல்லோட வேரை நெருக்குது, அதனால பல்லு நுனி வெளிய சாயுது. சிங்கப்பல்லு வெளிய வந்ததும், 11, 12 வயசுல, பெரும்பாலும் அந்த கேப் தானா மூடிரும். அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு கிளிப்பு போட்டு அந்தப் பல்ல நிமித்துனா வேர் போய் சிங்கப்பல்லு மேல இடிக்கும், அதனாலதான் நல்ல டாக்டர் "இப்ப வேணாம், அப்புறம் வாங்க"ன்னு திருப்பி அனுப்புறது.

ஒரு விஷயம் கையெடுத்துக் கும்பிட்டு சொல்றேன், வீடியோ பாத்துட்டு ரெண்டு பல்லையும் சேத்து ரப்பர் பேண்ட் மாட்டாதீங்க. பல்லு கீழ அகலம், ஈறுக்குள்ள போகப் போக கூம்பு, ரப்பர் மேல மேல ஏறி ஈறுக்குள்ள போய் மறைஞ்சிரும், வீட்டுல அறுந்து விழுந்துருச்சுன்னு நெனைப்பாங்க. அது உள்ள எலும்பத் தின்னுட்டே போகும். முத்து மாதிரி ரெண்டு நல்ல பல்லு ஆடிப்போய் கையில வந்த ஒரு பொண்ண நான் பாத்துருக்கேன்.

கேப்புல மேல் உதட்டுச் சதை தடிமனா எறங்கி வந்து நிக்குதா? சிங்கப்பல்லு வந்தும் மூடலன்னாதான் அதுக்கு வெட்டு.

இதோட சேத்து 10 வயசுல ஒரு செக் பண்ணுங்க, ரொம்ப லேசு. மேல பால் சிங்கப்பல்லுக்கு மேல, உதட்டத் தூக்கி ஈறு மேல விரல வச்சுத் தடவுனா பட்டாணி மாதிரி ஒரு மேடு ரெண்டு பக்கமும் தட்டுப்படணும். ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் பள்ளம்னா அந்த சிங்கப்பல்லு அண்ணத்துப் பக்கம் திரும்பிப் போயிட்டு இருக்கலாம். அந்த நேரத்துல ஒரு ஓபிஜி, அதாவது எல்லாப் பல்லும் ஒரே படத்துல தெரியுற எக்ஸ்ரே எடுத்து, தேவைன்னா பால் சிங்கப்பல்ல மட்டும் எடுத்துவிட்டா நிறையப் பேருக்கு அது திரும்பி வழிக்கு வந்துரும். 14 வயசுல கண்டுபிடிச்சா ஆபரேஷன்.

"கீழ முன்பல்லு நெருக்கமா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வருது"

இதுக்கு விடை 5 வயசுலயே தெரியும். பால் பல்லுக்கு நடுவுல கேப் கேப்பா இருந்தா நல்லது, வரிசையா முத்து கோத்த மாதிரி இடைவெளியே இல்லாம அழகா இருந்தாதான் பின்னாடி நெருக்கடி. கீழ வர்ற நாலு புதுப் பல்லுக்கும் சேத்து பழசவிட சுமார் 6 மில்லிமீட்டர் இடம் கூட வேணும், அது எங்கேருந்தாவது வரணுமில்ல.

லேசா திரும்பி இருக்கா, 7, 8 வயசா? பாத்துட்டே இருங்க. 8, 9 வயசு வரைக்கும் முன்தாடை வளைவு கொஞ்சம் அகலும். அப்புறம் 11 வயசுபோல கடைசி பால் கடவாப்பல்லு விழும்போது ஒரு போனஸ் இருக்கு, அதுக்கடில வர்ற புதுப் பல்லு அதவிட ஒல்லி. சிங்கப்பல்லு, ரெண்டு பால் கடவாப்பல்லு மூணையும் சேத்துக் கணக்குப் போட்டா கீழ ஒரு பக்கத்துக்கு சராசரியா 1.7 மில்லிமீட்டர் மிஞ்சும், தீக்குச்சி தடிமன்னு வச்சுக்கோங்களேன், அந்த இடத்த சரியான நேரத்துல புடிச்சு வச்சா லேசான நெருக்கம் அதுலயே தீரும்.

ஒரு பல்லு வரிசைய விட்டே வெளிய வந்துருச்சு, இல்ல ஒரு பல்லுக்கு மட்டும் ஈறு கீழ எறங்கி வேர் தெரியுதுன்னா வாங்க.

"பின் பால் பல்லுல சொத்தை, விழப்போற பல்லுதானே"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுத உக்காந்தேன். விழப்போறது எப்ப? 5 வயசுல சொத்தையான அந்தக் கடவாப்பல்லு விழ வேண்டியது 11 வயசுல. நடுவுல இருக்குற ஆறு வருஷம் அது சாப்பிட மட்டும் இல்ல, கீழ வர்ற பல்லுக்கு சீட்டுல துண்டு போட்டு எடம் புடிச்சு வச்சிருக்குது. துண்ட எடுத்துட்டா என்ன ஆகும், பஸ்ல ஏறினவங்களுக்குத் தெரியும்.

6 வயசுல பால் பல்லு வரிசைக்குப் பின்னாடி, எந்தப் பல்லும் விழாமலே, ஒரு பெரிய கடவாப்பல்லு சத்தமில்லாம மொளைக்கும். அது பெர்மனென்ட். பாதி வீட்டுல அதையும் பால் பல்லுன்னுதான் நெனைச்சிட்டு இருப்பாங்க. நடுவுலேருந்து எண்ணுங்க, ஆறாவதா இருந்தா அதுதான், வாழ்நாளுக்கும் அது ஒண்ணுதான். முன்னாடி இருக்குற பால் கடவாப்பல்லு சீக்கிரம் போயிருச்சுன்னா இது முன்னாடி சாய்ஞ்சு அந்த எடத்துல உக்காந்துக்கும், 11 வயசுல வர வேண்டியவன் எடமில்லாம உள்ளயே நிப்பான் இல்ல ஓரமா ஏறி வருவான்.

கறுப்பா இருக்கு, வலி இல்ல: இப்பவே வந்தா அடைக்கிறதோட முடியும், சில நூறு ரூபா.

இனிப்பு, ஜில்லுன்னு பட்டா கூசுது, உணவு மாட்டுது: ஒரு வாரத்துக்குள்ள. பெரிய சொத்தைன்னா மேல ஒரு ஸ்டீல் கேப் போடுவாங்க, அழகா இல்லன்னு சண்டை போடாதீங்க, அது பல்லோடயே விழும்.

ராத்திரி தூக்கத்துலேருந்து எந்திரிச்சு அழுது: நரம்பு வரைக்கும் போயிருச்சு, பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு. கிராம்பு வச்சு சமாளிக்கிறது ஒரு ராத்திரிக்கு சரி, ஒரு மாசத்துக்கு இல்ல.

ஈறுல பரு மாதிரி வந்து, உடைஞ்சு, மறுபடி வருது: வலி நின்னுருச்சேன்னு விடாதீங்க, சீழுக்கு வழி கெடைச்சதால வலி நின்னுருக்கு. அதுக்கு நேரா அடியிலதான் புதுப் பல்லு உருவாகிட்டு இருக்கு.

கன்னமோ தாடைக்கு அடியிலோ வீக்கம், காய்ச்சல், வாய் தெறக்க முடியல, முழுங்க முடியல, கண்ணு வரைக்கும் வீங்குது: கிளினிக் தெறக்கட்டும்னு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி.

ஏற்கனவே எடுத்தாச்சா? எடுத்த டாக்டர்கிட்டயே "ஸ்பேஸ் மெயின்டெய்னர் வேணுமா"ன்னு கேளுங்க. பின்பல்லுல ஒரு வளையம், அதுலேருந்து ஒரு கம்பி லூப்பு, அவ்வளவுதான் அது. எடுத்து கொஞ்ச மாசத்துலயே எடம் சுருங்க ஆரம்பிக்கும், அதனால அடுத்த லீவுக்குப் பாக்கலாம்னு தள்ளாதீங்க. காசு கஷ்டம்னா அரசு பல் மருத்துவக் கல்லூரில குழந்தைப் பல் பிரிவு இருக்கும், சென்னைக்காரங்களுக்கு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பக்கத்துலயே இருக்கு, நேரம் ஆகும், ஆனா செலவு ரொம்பக் கம்மி.

"கீழ்த்தாடை முன்னாடி வருது" / "தாடை ஒரு பக்கமா போகுது"

பச்சைக் குழந்தைக்கு கீழ்த்தாடை சின்னதா உள்ள தள்ளி இருக்குறதும், 9 வயசுல இன்னும் கொஞ்சம் உள்ளதான் இருக்குறதும் பல பேருக்கு சகஜம், கீழ்த்தாடை வயசுக்கு வர்ற நேரத்துலதான் நல்லா வளரும். தலைகீழா, கீழ்ப்பல்லு மேல்பல்லுக்கு முன்னாடி நின்னா அந்த வளர்ச்சி உங்களுக்கு எதிரி, நாள் ஆக ஆக கூடத்தான் செய்யும்.

ஒரே ஒரு மேல்பல்லு மட்டும் உள்ள மாட்டிருக்கா? சின்ன பிளேட்டோட போகும். எல்லா முன்பல்லும் அப்படியா, தாத்தாவுக்கும் நாடி நீட்டா? 7, 8 வயசுலயே கிளிப்பு போடுற டாக்டரப் பாருங்க, மேல்தாடைய முன்னாடி இழுக்குற மாஸ்க் வேலை செய்யுறது அந்த வயசுலதான் நல்லா. வாயத் தெறந்தா நாடி நடுவுல, கடிச்சா ஒரு பக்கம் போகுதுன்னா மேல்தாடை குறுகலா இருக்கு, பின்பல்லு இடிக்குதுன்னு பிள்ளை தாடைய நகத்திக் கடிக்குது. அண்ணத்து நடு எலும்பு இன்னும் ஒட்டிப்போகாத வயசுல விரிக்கிறது சுலபம், பெரியவங்களானா அறுத்து விரிக்கணும்.

"வாயத் தெறந்துட்டே தூங்குது, மேல்பல்லு எத்திக்கிட்டு வருது"

வாயில கொஞ்சம் தண்ணி வச்சுக்கிட்டு உதட்ட மூடி ரெண்டு நிமிஷம் டிவி பாக்கச் சொல்லுங்க. இருக்க முடிஞ்சா மூக்கு வழி திறந்திருக்கு, பழக்கதோஷம். முடியாம முழுங்கிட்டு வாயத் தெறந்தா, சளி இல்லாத நேரத்துலயும் அப்படித்தான்னா, மொதல்ல காது மூக்கு தொண்டை டாக்டர். மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டுங்குற சதை வீங்கியிருந்தா நாங்க எத்தனை கிளிப்பு போட்டும் பிரயோஜனமில்ல. குறட்டை விட்டு, நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா தள்ளிப்போடவே கூடாது.

விரல் சூப்புதா? கட்டை விரலப் பாருங்க, சுத்தமா வெளுத்து, காப்பு காச்சிருந்தா நிறைய நேரம் சூப்புதுன்னு அர்த்தம். 4 வயசுக்குள்ள நின்னா கவலையே இல்ல, புது முன்பல்லு வர்றதுக்கு முன்னாடி நிறுத்துனா, சூப்புறதால மேல் கீழ் முன்பல்லுக்கு நடுவுல விழுற ஓட்டை பெரும்பாலும் தானா மூடும். 7 வயசுக்கு மேலயும் போனா வாயில கம்பி மாதிரி ஒண்ணு மாட்ட வேண்டி வரலாம். வேப்பெண்ணெய் தடவி அடிச்சு நிறுத்துன பிள்ளை போர்வைக்குள்ள சூப்பும், அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்.

"புதுப் பல்லு மஞ்சளா இருக்கு, ரம்பம் மாதிரி இருக்கு"

மஞ்சள் நார்மல், பக்கத்துல பால் பல்லு வெள்ளை வெளேர்னு நிக்குறதால அப்படித் தெரியுது. ரம்பப் பல் நுனி கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சிரும். எல்லாப் பல்லுலயும் ரெண்டு பக்கமும் சமமா சுண்ணாம்புக் கோடு, பழுப்புக் கறைன்னா தண்ணிய சந்தேகப்படுங்க, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்குத்தான். அந்த ஆறு வயசுக் கடவாப்பல்லும் முன்பல்லும் மட்டும் திட்டுத் திட்டா மஞ்சளா, கூசுது, பொடிஞ்சு போகுதுன்னா அது வேற, சீக்கிரம் காட்டுங்க.

"விழுந்து பல்லு வெளிய வந்துருச்சு"

6 வயசுக்குக் கம்மியா? முன்பல்லுன்னா அது பெரும்பாலும் பால் பல்லு, திருப்பி சொருகாதீங்க, உள்ள இருக்குற புதுசு கெடும். துணி வச்சு அழுத்திப் புடிச்சுட்டு வாங்க.

பெர்மனென்ட் பெரிய பல்லா (புதுசா வந்ததுன்னா ரம்ப நுனி இருக்கும்)? வேரைத் தொடாம வெள்ளைப் பக்கத்தப் புடிங்க, மண்ணு இருந்தா தண்ணில பத்து செகண்டு காட்டுங்க, தேய்க்காதீங்க, அந்தக் குழிலயே சொருகி துணியக் கடிக்கச் சொல்லி ஓடி வாங்க. தைரியம் இல்லன்னா, எந்தப் பல்லுன்னே புரியலன்னா, பால்ல போட்டு எடுத்துட்டு வாங்க, அரை மணி நேரத்துக்குள்ள வந்தா ரொம்ப நல்லது, ஒரு மணி நேரம் தாண்டுனா சான்ஸ் கொறையும். டிஷ்யூல மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வச்சுட்டு வர்றவங்கதான் அதிகம், அதுல காஞ்சே போயிரும். ஒரே ஒரு அப்பா மட்டும் ஸ்கூல் எதிர்ல இருந்த டீக்கடைல அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்கி, மூலையக் கிழிச்சு பல்ல உள்ள போட்டு, சிந்தாம நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பைக்ல பின்னாடி உக்காந்து வந்தாரு, சட்டையெல்லாம் பாலு. அந்தப் பொண்ணு இப்ப பிளஸ் டூ, பல்லு அதே எடத்துலதான் இருக்கு.